ஒத்தச் செருப்பும் நார்மல் ரிப்போர்ட்டும்

போன வருசம் மாசி மாசம். வாய்க்கால் தண்ணியில கடலை நல்லா வந்திருந்துச்சு. களையெடுப்பு நடந்துட்டிருந்த நேரம். ஆளுங்களுக்கு டீ குடுத்துட்டு அம்மா வரப்பு வழியா திரும்பி வந்தாங்க. வாசல்ல ஏறும்போதுதான் கவனிச்சேன். வலது கால்ல செருப்பு இருக்கு. இடது கால்ல இல்ல.

"ஏம்மா, இன்னொரு செருப்பு எங்க?"

அம்மா குனிஞ்சு காலைப் பார்த்தாங்க. அப்புறம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாங்க. "கால்லதான கண்ணு இருந்துச்சு" அப்படின்னாங்க.

போய்த் தேடினா, மடை ஓரம் சேத்துல கிடக்குது. கட்டுத்தரையில இருந்து நல்ல தூரம். அவ்வளவு தூரமும் ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்காங்க, கழண்டதே தெரியல. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரம்மா, "அத்தை, காலைக் காட்டுங்க"ன்னு புடிச்சுப் பார்த்தப்ப, உள்ளங்கால்ல வேலாமுள் ஒண்ணு ஒடிஞ்சு நிக்குது. சுத்தியும் சீழ் கட்டியிருக்கு. அது அன்னிக்குக் குத்தின முள்ளே இல்ல. நாலஞ்சு நாளாவது ஆகியிருக்கும்.

முள்ளு குத்தினது தெரியாத அதே காலுதான் ராத்திரியானா அம்மாவைத் தூங்க விடாது. போர்வை நுனி பட்டாக்கூட நெருப்புல மிதிச்ச மாதிரி எரியுதுன்னு சொல்லுவாங்க. எறும்பு ஊருது, ஊசி குத்துது, கரண்ட் அடிக்குதுன்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னு இப்ப எழுதறேன். அது வரைக்கும் அவங்க யாருகிட்டயும் சொல்லல. முள்ளு எடுத்த அன்னிக்குத்தான் எல்லாம் வெளிய வந்துச்சு.

அம்மாவுக்கு வயசு 69. மார்பகப் புற்றுநோய். ஆபரேசன் முடிஞ்சு, நாலு தடவை சிவப்பு மருந்து ஏத்தி, அப்புறம் வாரம் ஒண்ணா பன்னெண்டு தடவை பேக்ளிடாக்சல்னு ஒரு மருந்து ஏத்தினாங்க. முடி கொட்டிச்சு, திரும்ப மொளைச்சுது. ஸ்கேன் எடுத்தோம். "எல்லாம் நார்மல்"னு டாக்டர் சொன்ன அன்னிக்கு ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சோம். சென்னையில இருக்கற தம்பி அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டான். ஒரம்பரை எல்லாம் கைகூப்பற பொம்மையா அனுப்பித் தள்ளினாங்க. எங்களைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கே சீக்கு முடிஞ்சு போச்சு.

அம்மாவுக்கு முடியல. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். ஆறாவதோ ஏழாவதோ மருந்து ஏத்தற அன்னிக்கு, நர்சம்மா பேப்பரை வெச்சுக்கிட்டு வரிசையா கேட்டாங்க. வாந்தி இருக்கா, வாய்ப்புண் இருக்கா, கை கால் மதமதப்பு இருக்கா. அம்மா வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் சொன்னேன், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்லா நடக்கறாங்க." அம்மாவும் தலையை ஆட்டினாங்க. நர்சம்மா டிக் போட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.

அப்பவே மதமதப்பு இருந்திருக்கு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். பக்கத்து பெட்டுல இருந்த ஒரு அம்மா, "மதமதப்புன்னு சொன்னா மருந்தைக் குறைச்சுப் போடுவாங்க, அப்புறம் நோவு திரும்பி வந்துரும்"னு சொன்னாங்களாம். அதனால சொல்லல. அப்புறம் வைத்தியம் முடிஞ்ச பின்னாடி ஏன் சொல்லல? அதுக்கு அம்மா சொன்ன பதில்தான் என்னை ரொம்ப நாள் அறுத்துச்சு: "உசுரு பொழைக்க வெச்சிருக்கீங்க. கால் எரியுதுன்னு ஒரு குத்தம் சொல்லோணுமா சாமி?"

இதுதான் நான் சொல்ல வந்த விசயம். பொழைச்சு வந்த வயசானவங்க நன்றியினால வாயை மூடிக்கறாங்க. பையன் மாட்டை வித்தான், மருமக ராத்திரி முழிச்சா, சின்னவன் லோன் போட்டான்னு அவங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கு. இதுக்கு மேல கேக்கறது பேராசைன்னு நினைக்கறாங்க. நாமளும் "பொழைச்சீங்களே, அது போதாதா"ங்கற மாதிரிதான் நடந்துக்கறோம். வாயால சொல்றதில்ல, அவ்வளவுதான். ரிப்போர்ட்டுல இருக்கற நார்மல்ங்கற வார்த்தை கட்டியைப் பத்தினது. காலைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது.

இது ஏன் வருதுன்னு அப்புறமா டாக்டருங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குப் புரிஞ்ச பாசையில சொல்றேன். எங்க கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடுது. அணையில என்ன கோளாறு வந்தாலும், கரை எங்க ஒடைஞ்சாலும், முதல்ல காயறது கடைமடைதான். ஒடம்புக்குள்ள நரம்பும் அப்படித்தான். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோற நரம்போட தலைமாடு முதுகெலும்பு ஓரத்துல இருக்கு. அங்கிருந்து ஒரே இழையா கால் விரல் நுனி வரைக்கும் ஓடுது. அந்த இழைக்கு உள்ள தீனி போய்ச் சேர சின்னச் சின்னத் தண்டவாளம் மாதிரி குழல்கள் இருக்கு. பேக்ளிடாக்சல் மருந்து புற்றுச் செல்லுல இருக்கற அதே மாதிரிக் குழல்களை அசையவிடாம இறுக்கித்தான் அது பெருகறதைத் தடுக்குது. நரம்புல இருக்கற குழல்களும் அதுல மாட்டிக்குது. இருக்கறதுலயே நீளமான நரம்பு காலுக்குப் போறது. அதனால கடைமடையான விரல் நுனிதான் முதல்ல காயும். அப்புறம் மெதுவா சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். கையில கிளவுஸ் போட்ட மாதிரி வரும்.

இந்த ஒரு மருந்து மட்டும் இல்ல. டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின், குடல் புற்றுநோய்க்குக் குடுக்கற ஆக்சாலிபிளாட்டின், ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கற வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் எல்லாத்துக்கும் இந்தக் குணம் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் ஏத்தினவங்களுக்கு ஜில்லுன்னு எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் ரெண்டுலயும் இன்னொரு கொடுமை இருக்கு. மருந்தை நிறுத்தின பின்னாடியும் சில மாசம் மதமதப்பு கூடிக்கிட்டே போகலாம். வைத்தியம் முடிஞ்சு மூணு மாசத்துல கால் மோசமாச்சுன்னா, "மருந்துதான் நின்னுருச்சே, இது வயசுக் கோளாறு"ன்னு தள்ளிடாதீங்க.

வயசானவங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கும். வருசக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிட்டு பி12 சத்து குறைஞ்சிருக்கும். அதுக்கு மேல இதுவும் சேரும். அதனால எல்லாப் பழியையும் கீமோ மேல போடறதும் தப்பு. அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தப்ப பி12 குறைவுதான். அதுக்கு ஊசி போட்டாங்க. அது தனிக் கணக்கு.

சரி, எரிச்சல்னு தெரிஞ்ச உடனே நாங்க நேரா சரியான எடத்துக்குப் போனோமா? இல்ல. ஊர்ல எல்லாரும் போற வழியிலதான் போனோம். முதல்ல ஒத்தடம். ஒருத்தர் செங்கல்லைச் சுட்டுத் துணியில சுத்தி வைக்கச் சொன்னாரு. இன்னொருத்தர் கல்லுப்பு போட்ட வெந்நியில காலை வைக்கச் சொன்னாரு. வெந்நி பொறுக்கற சூடா இல்லையான்னு அம்மா காலை விட்டே பார்த்தாங்க. காலுக்குத்தான் சூடே தெரியாதே! மறுநாள் பார்த்தா ரெண்டு விரலுக்கு மேல கொப்புளம். அது ஆற ஒரு மாசம் ஆச்சு.

அடுத்தது வலி ஊசி, வலி மாத்திரை. மூட்டு வலிக்குக் குடுக்கற டைக்லோஃபினாக் மாதிரி மாத்திரை நரம்பு எரிச்சலுக்குப் பெருசா கேக்காது. வயசானவங்களோட கிட்னியையும் வயித்தையும்தான் கெடுக்கும். அதுக்கப்புறம் ஒரு கிளினிக்குல கேபாபென்டின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அது நரம்பு வலிக்குன்னு பல பேருக்குக் குடுக்கற மாத்திரைதான். ஆனா தலைசுத்தலும் தூக்கக் கலக்கமும் வரும். கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்து அளவைக் குறைக்கணும். எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. மூணாம் நாள் விடியக்காலம் பொடக்காளிக்குப் போன அம்மா தொட்டி ஓரம் விழுந்துட்டாங்க. மணிக்கட்டுல வீக்கத்தோட போச்சு. இடுப்பெலும்பா இருந்திருந்தா இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும். கால் உணர்ச்சி இல்லாதவங்களுக்குத் தள்ளாட்டம் வர்ற மாத்திரை குடுக்கும்போது, ராத்திரி எந்திரிச்சா யாராவது கூட இருக்கணும்னு ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிசம்கூட ஆகாது.

கடைசியில பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம். இந்தத் தடவை நான் வாயைத் தொறக்கலை. அம்மாவே பேசினாங்க. டாக்டர் ஒரு நைலான் நூலை உள்ளங்கால்ல எட்டு எடத்துல வெச்சு "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டாரு. ரெண்டு எடத்துலதான் தெரிஞ்சுது. சுருதி பார்க்கற கவட்டை மாதிரி ஒண்ணைத் தட்டிக் கட்டை விரல்ல வெச்சாரு. அதிர்வும் தெரியல. பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த எனக்கு அப்பத்தான் நிசமா உறைச்சுது.

அவர் ஒளிவு மறைவில்லாம சொன்னாரு. செத்த நரம்பை உடனே உயிர்ப்பிக்கற மருந்து கிடையாது. நிறையப் பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தேறும். சில பேருக்கு வருசக்கணக்குல நிக்கும். எரிச்சலைக் குறைக்க துலாக்செட்டின்னு ஒரு மாத்திரை இருக்கு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2014ல வழிகாட்டுதல் போட்டு, 2020ல புதுப்பிச்சிருக்கு. கீமோவால வர்ற நரம்பு வலிக்குன்னு அதுல பரிந்துரைச்சது இந்த ஒரு மாத்திரையைத்தான். அதுவும் பலன் மிதமானதுன்னு சொல்லித்தான். முன்கூட்டியே சாப்பிட்டு இது வராம தடுக்கலாம்னு எந்த மாத்திரையையும் அவங்க பரிந்துரைக்கல. அசிடைல் கார்னிடின்னு ஒரு சத்து மாத்திரையைச் சாப்பிட்டா இன்னும் மோசமாகலாம்னுகூட எச்சரிச்சிருக்காங்க. "நரம்புக்கு நல்லது"ன்னு யாரோ சொன்னாங்கன்னு ஆன்லைன்ல டப்பா டப்பாவா வாங்கி ஊருக்கு அனுப்பற பிள்ளைங்க இதைக் கவனிக்கணும். பி6 விட்டமின் அளவுக்கு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும்.

துலாக்செட்டினுக்கும் பக்குவம் உண்டு. குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சாங்க. முதல் வாரம் குமட்டல் இருந்துச்சு. வயசானவங்களுக்கு ஒடம்புல உப்புச் சத்து குறையலாம்னு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஈரல், கிட்னி கோளாறு இருந்தா குடுக்க மாட்டாங்களாம். திடீர்னு நிறுத்தவும் கூடாது. முக்கியமா, மார்பகப் புற்றுநோய்க்கு தாமாக்சிஃபென் சாப்பிடறவங்களுக்கு, இந்த மாத்திரை அதோட வேலையைக் குறைக்க வாய்ப்பிருக்குன்னு சொன்னாரு. அம்மா சாப்பிடறது வேற மாத்திரை, அதனால பிரச்சினை இல்ல. நான் டாக்டர் இல்ல, கடலை விவசாயி. இதைப் படிச்சுட்டு மெடிக்கல்ல போய் வாங்கிக் குடுத்துடாதீங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோய் டாக்டர் முன்னாடி கொட்டுங்க. அது போதும்.

ரெண்டு மாசத்துல எரிச்சல் போகல, குறைஞ்சுது. ரெண்டு மணி நேரம் தூங்கினவங்க அஞ்சு மணி நேரம் தூங்கறாங்க. மதமதப்பு அப்படியே இருக்கு. மதமதப்பு மாத்திரைக்குக் கேக்காதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. மீதி வேலை வீட்டுல இருக்கறவங்க செய்யவேண்டியது.

இங்க ஒருத்தரைச் சொல்லணும். பால் பிராண்ட்னு ஒரு டாக்டர். 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவர். 1946ல இருந்து வேலூர் சி.எம்.சி.யில வேலை பார்த்தவர். தொழுநோய் வந்தவங்களுக்கு விரல் ஏன் போகுதுன்னு ஆராய்ஞ்சவர். நோய் விரலைத் தின்னுடுதுன்னு ஊரே நம்பிட்டிருந்தப்ப, அப்படி இல்ல, வலி தெரியாததாலதான் சுட்டுக்கறாங்க, வெட்டிக்கறாங்க, புண்ணோடயே நடக்கறாங்க, அதனாலதான் விரல் போகுதுன்னு எடுத்துச் சொன்னவர். வலியை ஒரு வரம்னு பார்த்த மனுசன். அம்மாவோட கொப்புளத்தைப் பார்த்தப்ப அவர் சொன்னது வேற நோயிலயும் அப்படியே பொருந்துதுன்னு தெரிஞ்சுது. தொழுநோய்க்கும் சர்க்கரைக்கும் குடுக்கற எம்.சி.ஆர். செருப்புதான் இப்ப அம்மாவுக்கும். மெத்துன்னு அடி, முள்ளு லேசுல எறங்காத மேல்தட்டு, பின்னாடி வார். வார் இருக்கறதால சேத்துல கழண்டு போகாது.

வீட்டுல பெருசா ஒண்ணும் மாத்தல. ராத்திரி பொடக்காளி வரைக்கும் லைட் எரியுது. வழியில கிடந்த மம்முட்டி, ஹோஸ் பைப் எல்லாம் சாலைக்குள்ள போயிருச்சு. வெந்நியை அம்மா காலை விட்டுப் பார்க்கறதில்ல, என் பொண்ணு கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் குடுக்கும். எவர்சில்வர் டம்ளர் போய் கைப்பிடி வெச்ச கப் வந்திருக்கு. பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து, செல்போன் லைட்டுல அம்மாவோட ரெண்டு உள்ளங்காலையும் விரல் சந்தையும் பார்த்துடறேன். ரெண்டு நிமிச வேலை. முதல்ல அம்மாவுக்குக் கூச்சம். பெத்த பையன் காலைப் புடிக்கறதான்னு இழுத்துக்குவாங்க. இப்ப அவங்களே நீட்டறாங்க.

பிசியோதெரபி சொல்லிக் குடுத்தபடி செவுத்தைப் புடிச்சு நின்னு குதிகாலைத் தூக்கறது, ஒத்தக் கால்ல நிக்கப் பழகறது, களத்துல பத்து சுத்து. "மக்களைத் தேடி மருத்துவம்" 2021ல ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கே வர்ற பிசியோ, வலி தணிப்பு செவிலியர் எல்லாம் அந்தத் திட்டத்துல உண்டு. சர்க்கரை மாத்திரை குடுக்க வர்ற தன்னார்வலர்கிட்ட, அம்மாவுக்குக் கால் மதமதப்பு இருக்கு, பிசியோ வரணும்னு பதியச் சொல்லுங்க. கேட்டாத்தான் பதிவாகும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. வேலையைப் புடுங்காதீங்க. விழுந்த பின்னாடி நான் அம்மாவை ஆசாரத்துல கட்டிலோட உக்கார வெச்சேன். ரெண்டு வாரத்துல கால் இன்னும் பலமிழந்து போச்சு, மனசும் சேர்ந்து போச்சு. இப்ப கடலை ஒடைக்கறது, பூ கட்டறது, கன்னுக்குட்டிக்குத் தவிடு வைக்கறது அம்மாதான். பூ கட்டறப்ப விரல் நார் புடிக்கலைன்னா திட்டிக்கிட்டே கட்டுவாங்க. திட்டட்டும்.

பட்டணத்துல இருக்கறவங்களுக்குக் கடைசியா. நீங்க அனுப்பற பணத்தை நாங்க குறைச்சு மதிக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை போன்ல "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ரிப்போர்ட் என்ன சொன்னாங்க"ன்னு கேட்டா, மூணுக்கும் "ஆச்சு சாமி"ன்னு பதில் வரும். அதோட போன் வெச்சிருவீங்க. கேள்வியை மாத்துங்க. ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்துச்சு? செருப்பு கழண்டா தெரியுதா? ஜாக்கெட் கொக்கி போட முடியுதா? இந்த வாரம் எங்கயாச்சும் தடுமாறினீங்களா? இதுக்கெல்லாம் "ஆச்சு"ன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. கீமோ நடந்துட்டிருக்கற வீடுன்னா இன்னும் அவசரம். அப்பவே சொன்னா அளவைக் குறைக்கறதோ, தள்ளி வைக்கறதோ, மாத்தறதோ டாக்டர் முடிவு பண்ணுவாரு. மருந்து குறைஞ்சா நோவு திரும்புமாங்கற பயத்தை அவர்கிட்டயே நேரா கேளுங்க. பக்கத்து பெட்டுல கேக்காதீங்க.

அதே மாதிரி, ரெண்டு காலும் திடீர்னு பலமிழந்தா, முதுகுல புதுசா கடும் வலி வந்தா, மூத்திரம் மலம் அடக்க முடியாமப் போனா, அது இந்தக் கதை இல்ல. முதுகுத்தண்டு அழுந்துதான்னு அன்னிக்கே பார்க்கணும். ஞாயித்துக்கிழமை போனுக்குக் காத்திருக்கக் கூடாது.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். நான் சொல்லி வெச்சிருந்தபடி, "அம்மா, ராத்திரி கால் எப்படி இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சான். அம்மா போனை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டாங்க. முக்கால் மணி நேரம் பேசினாங்க. நான் தொட்டியில தண்ணி ரொப்பிக்கிட்டே காதைக் குடுத்துட்டிருந்தேன். அடுப்புல இருந்து பாத்திரத்தை எறக்கறப்ப கையிலயும் சூடு தெரியறதில்லைன்னு அப்பத்தான் அவன்கிட்ட சொன்னாங்க. தினமும் காலைப் புடிச்சுப் பார்க்கற எனக்கு அது தெரியாது. கையைப் பத்தி நான் கேட்டதே இல்ல.